பூனைக்குச் சூடு போட்ட புலிகள்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்த குறிப்புகளில் பாதியையும் சேர்த்துப் பேசிவிட்ட பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருக்கும் புத்திசாலிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிற படங்களைக் கிண்டலடித்து எடுக்கும் பகடிப் படங்களை ரசிப்பது பற்றி மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். சிரிப்பு எங்கே பிறக்கிறது என்பது ஒன்று. கலாய்ப்பதற்கும் கேவலப்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

'புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம்' என்று திட்டுவதற்காகச் சொல்வோம். பகடிப் படம் அதையேதான் செய்கிறது, ஆனால் தெரிந்தே. பார்க்கிறவருக்குப் புலியை, அதாவது மூலப்படத்தை, தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பேத்தியோடு 'தமிழ் படம்' பார்த்தேன். 2010-ல் வந்தது, சி.எஸ்.அமுதன் இயக்கியது. சினிமாபட்டி என்று ஒரு ஊர். அங்கே ஆண் குழந்தை பிறக்கக் கூடாது. தப்பிக்க வழி தேடும் பச்சைக் குழந்தை, 'என்னைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பு' என்று கிழவியிடம் பேசுகிறது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பேத்தி என்னையே பார்க்கிறாள். "குழந்தை பேசுறதுக்கா தாத்தா இவ்ளோ சிரிப்பு?" சரி என்று படத்தை நிறுத்தினேன். பெண் சிசுக்கொலையைச் சொன்ன 'கருத்தம்மா'வைச் சொன்னேன். 1991-ல் வந்த 'தளபதி'யில் ஒரு தாய் குழந்தையைக் கூட்ஸ் வண்டியில் விட்டதைச் சொன்னேன். அது கர்ணன் கதை, ஆகவே குந்தியிடம் போனேன், ஆற்றில் மிதந்த பேழைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டிவி தானாகவே அணைந்திருந்தது. பேத்தி தூங்கியிருந்தாள்.

அடுத்த வாரம் விடவில்லை, 'தளபதி'யையே போட்டேன். கூட்ஸ் வண்டி வந்தது. இந்தப் பக்கம் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். அந்தப் பக்கம் பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "தாத்தா, இதை அந்தப் படத்துலேர்ந்து அப்படியே சுட்டுட்டாங்க!"

பூனையை முதலில் பார்த்தவளுக்குப் புலிதான் சூடு போட்டுக்கொண்டதாகத் தெரிகிறது!

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1957-ல் 'ஸீரோ அவர்' என்று ஒரு படம். விமானத்தில் மீன் சாப்பிட்டவர்களெல்லாம் சுருண்டு விழுகிறார்கள், விமானிகள் உட்பட. விமானமும் ஓட்டத் தெரிய வேண்டும், ராத்திரி மீனும் சாப்பிட்டிருக்கக் கூடாது, அப்படி ஓர் ஆள் வேண்டும் என்கிறார் டாக்டர், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல். அந்தப் படத்தின் உரிமையையே வாங்கி, இந்த வசனத்தையும் கிட்டத்தட்ட அப்படியே வைத்து 1980-ல் 'ஏர்பிளேன்' எடுத்தார்கள். அதிலும் யாரும் சிரித்துக்கொண்டு பேசவில்லை. சிரிப்பெல்லாம் நம்முடையது. மூலப்படத்தை நான் பிறகுதான் பார்த்தேன். சீரியஸான படத்துக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், என் பேத்தியைப் போலவே.

'தமிழ் படம்' பாட்டு ஒன்று, நம் சினிமாப் பாடல்களின் அர்த்தமில்லாத சொற்களை மட்டுமே கோத்தது: 'ஓ மகசீயா'. பழைய பாட்டெல்லாம் காதில் இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு புதையல். மற்றவருக்கு வெறும் உளறல். சரி, இரண்டாவது விஷயத்தைப் பேராசிரியரே சொல்லிவிட்டார்.

இப்போது நான் உண்மையில் எதற்கு வந்தேனோ அதற்கு வருகிறேன். புலி எங்கே? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்', 1931, டி.பி.ராஜலட்சுமி நடித்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை. அந்தக் காலப் பிலிம் நைட்ரேட், சட்டென்று தீப்பிடிக்கும். தப்பியதிலும் எத்தனையோ சுருள்களை உள்ளிருக்கும் வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். புனேயில் 1964-லேயே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். தமிழ்ப் படங்களுக்கென்று, குளிரூட்டிய அறையோடு, இங்கேயே ஒன்று வேண்டும் என்று கேட்கிறேன். போன கூட்டத்திலும் இதையேதான் கேட்டேன், அதற்கு முந்தின கூட்டத்திலும். புலி செத்துப்போனால் பூனை மேல் இருப்பது கோடா தழும்பா என்று யார் சொல்வது?

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது விஷயம் அடுத்த கூட்டத்தில். மனுவில் கையெழுத்து வேண்டும், தாள் வாசல் மேசை மேல் இருக்கிறது. பேனாவை மட்டும் மறக்காமல் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், அது தலைவருடையது.