பிஷப் சித்தப்பா, பேரரசரான அண்ணன் பையன்: ஃப்ரைசிங் மலை மேலருந்து ஒரு பாபன்பெர்க் கதை

வணக்கம் மக்களே, இப்ப நான் ம்யூனிக் பக்கத்துல ஃப்ரைசிங்ல, டோம்பெர்க் மலை மேல இருக்கேன், பின்னாடி தெரியுது பாருங்க சிலை, அவர்தான் ஓட்டோ, 1138ல இருந்து இருபது வருஷம் இங்க பிஷப்பா இருந்தவர்.

இவரோட அப்பா மூணாம் லியோபோல்ட், பாபன்பெர்க் வம்சம், ஆஸ்திரியாவோட எல்லைப்புற ஆட்சியாளர். அம்மா ஆக்னஸ், நாலாம் ஹென்றி பேரரசரோட பொண்ணு, முதல் புருஷன் இறந்தப்புறம் 1106ல லியோபோல்டைக் கட்டிக்கிட்டவங்க. அந்த முதல் கல்யாணத்துல பொறந்த பிள்ளையோட பையன்தான் ஃப்ரெட்ரிக் பார்பரோசா, பின்னாடி புனித ரோமப் பேரரசர் ஆனவர். அப்போ ஓட்டோ அவருக்கு என்ன முறை? சித்தப்பா! இதை மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா இந்த வீட்டுல ஒரு மகன் ட்யூக், ஒரு மகன் பிஷப், இன்னொருத்தர் ஆர்ச்பிஷப், பாக்குறவங்களுக்கு எல்லா அதிகாரமும் ஒரே வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா காரியம்னு வந்தா உறவு எவ்ளோ தூரம் நின்னுச்சுன்னு பாருங்க.

ஓட்டோ பாரிஸ்ல படிச்சவர், அங்கருந்து திரும்புற வழியில மோரிமோன் மடத்துல துறவியா சேந்துட்டார். அவர் உலக வரலாறுன்னு எழுதுன பெரிய நூலை, காலம் கெட்டுக் கிடந்ததால மனக்கசப்போட எழுதுனேன்னு அவரே சொல்றார். ரெண்டாம் சிலுவைப் போர்ல ஒரு படைப்பிரிவை நடத்திட்டுப் போய், அதுல பெரும்பாலானவங்க செத்து, இவர் தப்பிச்சு ஜெருசலேம் போய்ச் சேந்தார். பின்னாடி பார்பரோசாவோட வரலாற்றை எழுதுறப்போ, நான் எழுதுறது சோகக்கதை இல்ல, அதை வேற யாராவது எழுதட்டும்னு அந்தப் போரைச் சட்டுனு தாண்டிப் போறார். அந்த இடத்தைப் படிச்சப்போ எனக்கு நெஞ்சு அடைச்சுருச்சு, எத்தனை சாவைப் பாத்திருப்பாரு.

சரி, உறவைச் சோதிச்ச ஒரு பாலத்தோட கதைக்கு வருவோம். ஃபோரிங்ங்கிற ஊர்ல ஈசர் ஆத்து மேல பிஷப்போட பாலம், உப்பு வண்டிங்க அதுல தான் போகணும், சுங்கம் பிஷப்புக்கு. பவேரியா ட்யூக் ஹென்றி, சிங்கம்னு பேரு வாங்குனவர், அந்தப் பாலத்தை அழிச்சுட்டு கொஞ்சம் தெற்கால ம்யூனிக்ல தன்னோட பாலம், சந்தை, நாணயச்சாலைன்னு போட்டுட்டார். வழக்கு பேரரசர் பார்பரோசாகிட்ட போச்சு. 1158 ஜூன் 14, ஆக்ஸ்பர்க்ல தீர்ப்பு: பாலமும் சந்தையும் ம்யூனிக்லயே இருக்கட்டும், வர்ற சுங்கத்துலயும் நாணய வருமானத்துலயும் மூணுல ஒரு பங்கு பிஷப்புக்கு. அந்த நாளைத்தான் ம்யூனிக் இன்னைக்கும் தன் பிறந்தநாளா கொண்டாடுது. தன்னைப் புகழ்ந்து வரலாறு எழுதிட்டு இருக்கிற சித்தப்பாவுக்கு மூணுல ஒரு பங்கு! எனக்கு இது அநியாயமாத்தான் படுது, ஆனா இத்தாலிக்குப் படையெடுக்கக் கிளம்புற பார்பரோசாவுக்கு அந்த நேரம் ஹென்றியோட தயவு தேவைப்பட்டுச்சு. மூணே மாசத்துல, செப்டம்பர் 22, ஓட்டோ மோரிமோன்லயே இறந்துட்டார்.

தம்பி கொன்ராட் கதை இன்னும் மோசம். 1164ல சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப் ஆனார், அப்போ போப் பதவிக்கே போட்டி, பேரரசர் தன் பக்கத்து போப்பை ஏத்துக்கச் சொல்றார், இவர் முடியாது, மூணாம் அலெக்சாண்டர்தான் போப்னு நிக்கிறார், இவரும் சித்தப்பாதான், விட்டாரா? 1166ல கொன்ராட் மேல பேரரசுத் தடை போட்டாங்க, அதாவது சட்டப் பாதுகாப்பே இல்லாதவரா ஆக்கிட்டாங்க, அடுத்த வருஷம் சால்ஸ்பர்க் நகரமே எரிஞ்சுது, 1168ல கொன்ராட் இறந்துட்டார். அடுத்து அந்த நாற்காலில யாரு உக்காந்தாங்கன்னு நினைக்கிறீங்க? அவரோட அக்கா தங்கச்சி வழியில வந்த மருமகன் ஆடால்பெர்ட். அவரும் அதே அலெக்சாண்டர் பக்கம்தான் நின்னார், அதுக்காக 1174ல பேரரசர் அவரையும் பதவிய விட்டு இறக்குனார், ஆனா 1183ல மனுஷன் திரும்ப அதே பதவிக்கு வந்துட்டார்.