நிக்க வெச்சும் பிரஷர் பாருங்க

அம்மணிகளே, அக்காமார்களே, வணக்கமுங்க.

மாதவிடாய் நின்ன ஒருத்தர் வாசல் தெளிக்கையில வழுக்கி, கையை ஊனி மணிக்கட்டை முறிச்சுக்கறாங்க. மாவுக்கட்டு அவிழ்த்ததும் மறந்துடறோம். நின்ன உயரத்துல இருந்து விழுந்ததுக்கே முறிஞ்சா, எலும்பு முன்னாடியே மெலிஞ்சிருக்குன்னு சந்தேகப்படோணும். எலும்போட அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கோணும். கூடவே இருதயத்தையும் பார்க்கோணும்.

ரெண்டுக்கும் காவலா இருந்தது ஈஸ்ட்ரோஜன்கற பெண் ஹார்மோன். எலும்பை அரிக்கிற செல்களை அடக்கி வெச்சதும், ரத்தக்குழாயை இளக்கமா வெச்சதும் அதுதான். அது குறைஞ்சதுக்கு அப்புறம் 5, 7 வருசத்துல எலும்போட அடர்த்தி 20 சதவீதம் வரைக்கும் போயிடலாம். கெட்ட கொழுப்பு ஏறும். எலும்புல கால்சியம் குறையற அதே காலத்துல இருதயத்துல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியோட சுவர்ல அது படியறதும் உண்டு. முதுகுவலிக்குப் பக்கவாட்டுல எடுத்த எக்ஸ்ரேயில முள்ளெலும்புக்கு முன்னால அப்படிப் படிஞ்ச வெள்ளைக்கோடு தெரியுதான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க.

அதைவிட அவசரமானது பிரஷர் பார்க்கிற விதம். உட்கார வெச்சு ஒரு தடவை பார்த்தாப் பத்தாதுங்க. 5 நிமிசம் படுக்க வெச்சு எடுக்கோணும். எழுப்பி நிக்க வெச்சு 1 நிமிசத்துலயும் 3 நிமிசத்துலயும் மறுபடி எடுக்கோணும். மேல் அளவு 20, இல்லைன்னா கீழ் அளவு 10 இறங்கினா, விடியக்காலம் பாத்ரூமுக்கு எந்திரிக்கையில கிறுகிறுத்து விழறதுக்கு அதுவே போதும். அதுக்காக பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, பக்கவாதம் வந்துடலாம். அளவையும் நேரத்தையும் டாக்டர் மாத்தித் தருவாங்க. சிறுநீரை அதிகமாப் போக வைக்கிற நீர் மாத்திரையிலயும் வித்தியாசமிருக்கு: தயசைடு, சிறுநீர்ல கால்சியம் போறதைக் குறைக்கும், ஆனா ரத்தத்துல சோடியம்கற உப்பை இறக்கித் தடுமாற வைக்கலாம். ஃப்ரூஸ்மைடு கால்சியத்தை வெளியேத்தும்.

ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேணும். 100 கிராம் ராகியில சுமார் 350 இருக்கு, 200 மில்லி பால்ல சுமார் 240. களியும் மோரும் நம்ம சாப்பாடுதானுங்களே, விட்டுடாதீங்க. மீதிக்கு மட்டும் மாத்திரை. ஒரு நேரத்துக்கு 500-க்கு மேல வேண்டாம். கார்பனேட் வகைன்னா சோத்தோட போடுங்க, தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் தள்ளி. பனியன் கம்பெனிக்குள்ளயே பகல் பூரா இருக்கறவங்க வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கோங்க.

எலும்பு டாக்டர்கிட்ட இருதய வியாதியை மறைச்சுடாதீங்க. ஒரு வருசத்துக்குள்ள மாரடைப்போ பக்கவாதமோ வந்தவங்களுக்கு எலும்பைப் பலப்படுத்தப் போடற ரோமோசோசுமாப் ஊசி ஆகாது. ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டி வந்தவங்களுக்கு, எலும்புக்கே தர்ற ராலாக்சிஃபீன் மாத்திரை ஆகாது.

விழுந்தவங்க கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாத் திரும்பிக் கிடந்தா இடுப்பு முறிஞ்சிருக்கலாம். எண்ணெய் தேய்க்காதீங்க, நிக்க வைக்காதீங்க. படுக்கையில கிடக்கக் கிடக்க கால்ல ரத்தம் உறையும், நெஞ்சுல சளி கட்டும், இருதயம் திணறும். ஆபரேஷன் 48 மணி நேரத்துக்குள்ள நடக்கிறது நல்லது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகையில மாத்திரை அட்டை அத்தனையும் பையில போட்டுக்கோங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடற மாத்திரையைக் கடைசியா எப்போ போட்டாங்கன்னு மயக்க டாக்டர் கேப்பாங்க.