முத்துலட்சுமி ரெட்டி நிறைவேற்றியது எந்தச் சட்டம்?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும், "1929-ல் தேவதாசி முறையை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தவர்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அந்த ஆண்டு நிறைவேறிய சட்டத்தில் ஒழிப்பு என்ற பேச்சே கிடையாது. அது நிலத்தைப் பற்றிய சட்டம்.

1926-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு அவர் நியமன உறுப்பினரானார். மேலவை, கீழவை என்று பிரிந்ததெல்லாம் 1937-ல்தான். அப்போது இருந்தது ஒரே சபை. அதன் துணைத் தலைவராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்ணைக் கோயில் தெய்வத்துக்கு மணம் செய்து தேவதாசியாக்குவதைத் தடுக்க அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று 1927-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சபையும் ஏற்றுக்கொண்டது. சரி, தீர்மானம் என்பது அரசிடம் வைக்கும் கோரிக்கைதானே? அதோடு விடாமல், தானே ஒரு மசோதா கொண்டுவந்தார்.

இங்கேதான் அவருடைய சாமர்த்தியம் தெரிகிறது. கோயில் பணி செய்யும் தேவதாசிக்கு மானிய நிலம் உண்டு. பணி நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்காவது பொட்டுக்கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்துக்குச் சோறு இல்லை. பக்தி, மரபு என்று மேடையில் எவ்வளவு பேசினாலும், பல வீடுகளில் கழுத்தை நெரித்தது இந்த நிபந்தனைதான். முத்துலட்சுமி அம்மையார், கோயில் நிர்வாகத்துக்கான அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கேட்டார்: நிலத்துக்கு ஒரு வரியை விதித்துவிட்டு, ஊழியம் செய்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள். நிலம் அவளிடமே இருக்கட்டும். 1929-ல் அது சட்டமானது.

தேவதாசிகள் எல்லோரும் அவரை வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்து மனுக் கொடுத்தவர்களில், தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளும் உண்டு. தங்களை ஒட்டுமொத்தமாக ஒழுக்கம் கெட்டவர்கள் என்று சபையில் பேசியது அவர்களைச் சுட்டது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அம்மையாரின் சட்டத்தில் இருந்த நிதானம் அவருடைய பேச்சில் எப்போதும் இருந்ததில்லை.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தது 1930-ல். அதே ஆண்டு காந்தி கைதானார். அதைக் கண்டித்து அம்மையார் பதவியை ராஜினாமா செய்தார். கொண்டுவந்தவரே சபையில் இல்லாத மசோதா அப்படியே கிடந்தது.

தடைச் சட்டம் வந்தது 1947-ல், வேறொரு சபையில். பொட்டுக்கட்டிய பெண் சட்டப்படி மணம் செய்யலாம் என்று அது தெளிவாக்கியது. அதோடு கோயிலில் அவர்கள் ஆடுவதற்கும் தடை போட்டது. கோயிலிலிருந்து சதிர் என்ற தேவதாசிகளின் ஆட்டம் போனதற்கு 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறைசொல்லும் நண்பர்கள், தயவுசெய்து இரண்டு சட்டங்களையும் எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள். அப்புறம் சண்டை போடலாம்.