கொள்கை ஆய்வு நிறுவனத்துல என்ன வேலைங்க? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "எம்.ஏ. பொருளாதாரம் முடிக்கப் போறேன். கொள்கை ஆய்வு நிறுவனத்துல சேர்ந்தா நாள் பூரா என்ன வேலை இருக்கும்? அரசாங்கத்துக்கு யோசனை சொல்றதுதானா?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி மனசுலயே ஓடிட்டிருக்குதுங்க. அந்தக் கடைசி வரிதான் காரணம்.

கொள்கை ஆய்வு நிறுவனம்னா, அரசாங்கத் திட்டங்களையும் விதிகளையும் ஆராய்ஞ்சு அறிக்கை குடுக்கற எடமுங்க. யோசனை சொல்றது கடைசி ரெண்டு மூணு வாரத்து வேலைங்க. ஒரு வருசத்து ஆய்வுன்னா, மத்த மாசமெல்லாம் அரசாங்கக் கணக்குல யாரை எண்ணியிருக்காங்க, யாரை விட்டிருக்காங்கன்னு தேடறதுலதான் போகும். முன்னாடி விசைத்தறி மின்சாரம் பத்திப் பேசினப்பவும் இதைத்தான் சொன்னேன். இருந்தாலும் இன்னொருக்காச் சொல்றேன்.

தொழிற்சாலைகளைப் பத்தி ஆண்டுதோறும் மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்துது. அது 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தை ஒட்டி நடந்தது. அந்தச் சட்டத்துல, கரண்டு வெச்சு ஓடற எடம்னா 10 பேராவது வேலை செய்யணும், கரண்டு இல்லைன்னா 20 பேர். இப்ப பல்லடம், சோமனூர்ப் பக்கம் வாங்க. எட்டுத் தறி போட்ட கூடத்துல, வீட்டுக்காரங்களையும் சேர்த்து மூணு பேரோ நாலு பேரோதான் நிப்பாங்க. அந்தக் கூடம் அந்தக் கணக்குல வராது. அதை மட்டும் வெச்சு "கோவை, திருப்பூர் நெசவுத் தொழில்"னு அறிக்கை எழுதினா, நிறைய நெசவாளிங்க அதுல இருக்கவே மாட்டாங்க. கம்பெனியாப் பதிவாகாத சின்னத் தொழில்களுக்குத் தனி சர்வே இருக்குது, அதையும் எடுத்துப் பக்கத்துல வெக்கோணும். 2023ல விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு இலவச யூனிட்டை 750ல இருந்து 1,000 ஆக்கினாங்களே, அது எத்தனை கூடத்துக்குப் போய்ச் சேருதுன்னு தெரியணும்னா மின் இணைப்புக் கணக்குக்குத்தான் போகணும்.

அந்தக் கணக்கை வாங்கறதும் இந்த வேலையில ஒரு பகுதிங்க. 2005 தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 6(1), கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. "ஏன் இப்படிப் பண்ணினீங்க"ன்னு கேட்டா பதில் வராது. அவங்க கையில இருக்கற ஆவணத்தைத்தான் கேட்கணும்: இந்த மின் கோட்டம், இந்த வருசம், இந்தக் கட்டண வகை, இணைப்பு எத்தனை, நகல் குடுங்க. ஒரே மனுவுல பத்து விசயத்தை அடைக்காதீங்க. ஒண்ணுல சிக்கினா பத்தும் நின்னு போகும்.

தங்கச்சி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்குதுங்க: கேள்வித்தாளை எப்படி எழுதறது? புதுசாச் சேர்ற ஆளுக்கு முதல்ல வர்ற வேலையே அதுதான்.

திருப்பூர் பனியன் கம்பெனியில போயி "போன வாரம் எத்தனை நாள் வேலை செஞ்சீங்க"ன்னு கேளுங்க. "ஒம்போது ஷிப்ட்"னு பதில் வரும். சர்வே எடுக்கற பையன் 9ன்னு எழுதிட்டு வந்துருவான். வாரத்துக்கு ஏழு நாள்தானுங்களே! அங்க எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னெண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். ஆறு நாள், தினம் ஒன்றரை, அதுதான் ஒம்போது. எழுபத்திரெண்டு மணி நேர உழைப்பு, ஒரு தப்பான கட்டத்துல விழுந்து காணாமப் போயிருது. இதேதான் "மாச வருமானம் என்ன"ங்கற கேள்வியும். சனிக்கிழமை வாரக்கூலி வாங்கறவர்கிட்ட மாசத்தைக் கேட்டா, அந்த நேரத்துல மனசுல தோணற ஒரு தொகையைச் சொல்லுவார். போன சனிக்கிழமை கைக்கு வந்தது எவ்வளவு, முன்பணத்துல புடிச்சது எவ்வளவுன்னு ரெண்டாப் பிரிச்சுக் கேளுங்க.

எழுதினதை முதல்ல 20, 30 பேர்கிட்டக் கேட்டுப் பாருங்க. முக்கால் மணி நேரத்துக்கு மேல போச்சுன்னா வெட்டுங்க. ஷிப்ட் முடிஞ்சு வர்றவர் அதுக்கு மேல நிக்க மாட்டார், நின்னாலும் பதில் சரியா வராது. எடுத்த வீடுகள்ல பத்துல ஒண்ணுக்கு வேற ஆள் போயி மறுபடி நாலு கேள்வி கேட்டுச் சரிபார்க்கணும். "தெரியாது"ங்கறதுக்கு 999னு எண் போட்டிருப்பாங்க. அதை எடுக்காம சராசரி போட்டா, கூலி சொல்லாதவங்க எல்லாத்துக்கும் 999 ரூபாய் கூலின்னு ஆயிரும்.

அறிக்கையை அறுபது பக்கம் எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா துறைச் செயலாளர் மேசைக்குப் போறது ரெண்டு பக்கம்தான். அது எந்த அரசாணையில எந்தப் பத்தியை மாத்தணும்னு சொல்லணும். மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்குப் பணம் கேக்கறது) சமயத்துல ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்துல கொள்கை விளக்கக் குறிப்பு வெக்கும், இணையத்துலயே கிடைக்குது. உங்க துறையோடதை மூணு வருசத்துக்குப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. அதிகாரி மாறினா முதல்ல இருந்து விளக்கணும், அதுக்கும் தயாரா இருங்க. நிறையப் பேர் அங்கதான் சலிச்சுப் போயி வெளிய வந்துடறாங்க.

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு கேளுங்க: இந்த ஆய்வுக்குப் பணம் யார் குடுக்கறாங்க, முடிவு அவங்களுக்குப் பிடிக்கலைன்னா வெளியிட முடியுமா? ரெண்டாவதுக்கு எழுத்துல பதில் வாங்குங்க.

அதுவரைக்கும் ஒரு பயிற்சி சொல்றேன். தொழிலாளர் நிலை குறித்த மத்திய அரசு சர்வே 2017-18ல இருந்து நடக்குது. அதோட மூலத் தரவை இலவசமாவே இறக்கலாம். தமிழ்நாட்டை மட்டும் தனியா எடுத்து, ஜவுளியில இருக்கறவங்களைப் பிரிங்க. சர்வேயில சிக்கின ஒருத்தர் எத்தனை பேருக்குப் பதிலா நிக்கறார்னு ஒரு எண் இருக்கும், அதுதான் எடை எண். அதைப் பெருக்காம ஒரு தடவை, பெருக்கி ஒரு தடவை கூட்டிப் பாருங்க. ரெண்டு விடையையும், ஈரோட்டுக்கு மட்டும் எத்தனை பேர் சிக்கினாங்கங்கறதையும் கீழ எழுதுங்க. அதை வெச்சு அடுத்த வாரம் பேசலாமுங்க.