சலவைத்தூளில் அந்த நீல மணிகள் எதற்கு?

அடுத்த கேள்வி. "சலவைத்தூளில் நீலமும் பச்சையுமாகச் சின்ன மணிகள் கிடக்கின்றனவே, அழுக்கை எடுப்பது அவைதானா? அவற்றை மட்டும் பொறுக்கிப் போட்டால் போதாதா?" என்று ஒரு நேயர் கேட்கிறார்.

பொறுக்கிப் போடுவதாம்! அந்த ஒரு வார்த்தைக்காகவே நேற்று உட்கார்ந்து பொறுக்கினேன். ஊசி முனையை ஈரமாக்கி நாற்பது மணி சேர்க்க அரை மணி நேரம். தும்மல் வேறு.

வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு ஒரு நீல மணியைப் போட்டேன். மெல்லிய நீலக் கோடு ஒன்றை இழுத்துக்கொண்டே கரைந்தது. கலக்கியதும் நிறமே காணோம். இன்னொன்றை வினிகரில் போட்டேன், புசுபுசுவென்று பொங்கியது. பக்கத்திலேயே ஒரு வெள்ளை மணி; அதுவும் அப்படியே பொங்கியது. சரி, வேஷம் கலைந்தது. இரண்டிலும் இருப்பது சலவைச் சோடாதான், ஒன்றுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். நுரையைப் பற்றிப் பேசியபோது சொன்னேனே, அது துணிக்கு இல்லை, நம் மனத்திருப்திக்கு என்று? இதுவும் அதே கதை. நிறம் துணிக்கு இல்லை, கண்ணுக்கு.

ஆனால் எல்லா மணியும் வேஷதாரி என்று சொல்லிவிட முடியாது. சில தூள்களில் கறையை அரிக்கும் நொதி வண்ண மணியாகத்தான் வரும். தூளின் பெரும்பகுதியைக் கூழாக்கி, உயரமான கோபுரத்தில் சூடான காற்றில் தெளித்து உலர்த்துவார்கள். அந்தச் சூட்டில் நொதி கெட்டுப்போகும். அதனால் அதைத் தனியாக உருட்டி, உறை போட்டுக் கடைசியில் கலக்கிறார்கள். உறைக்கு இன்னொரு காரணமும் உண்டு: 1960களின் கடைசியில், ஆலைகளில் நொதித் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. என் தும்மல் எம்மாத்திரம்!

அப்புறம், நேயர் கோபித்துக்கொள்ளக் கூடாது, கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: வெள்ளையாகத் தெரிகிற பகுதியில் என்ன சாயம் ஒளிந்திருக்கிறது? பெரும்பாலான தூள்களில் ஒரு ஒளிரும் சாயம் உண்டு. நீல மணியின் சாயம் தண்ணீரோடு போய்விடும், இது துணியில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். துணியின் மஞ்சள் பழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். அழுக்குப் போனதா என்பது வேறு விஷயம்.

இருங்கள், விளக்கை அணைக்கிறேன். இது புற ஊதா டார்ச். என் சட்டையைப் பாருங்கள், எப்படி நீலமாக எரிகிறது! பட்டன்கள் மட்டும் கறுப்பாகக் கிடக்கின்றன.