அமுச்சி கரைத்து வைத்த பழையசோறு

நடுவர் அவர்களே, காங்கேயத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கமுங்க. 'நம் செயலை முடிவு செய்வது ஆண்டவனா, நாமா?' என்பது தலைப்பு. நாமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் சிவன்மலையையே மேடைக்குத் தூக்கி வந்துவிட்டார். அந்த மலைக்கோயிலில், பக்தர் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்ல, சாமியிடம் பூக்கேட்டு, வெள்ளைப் பூ வந்தால் அதை உத்தரவுப் பெட்டியில் வைக்கிறோம். பெட்டியில் இருக்கும் பொருள் வரப்போவதைக் காட்டும் என்பது நம்பிக்கை. 'வரப்போவது அவனுக்குத் தெரியும், தெரிந்தது நடந்தே தீரும், அப்புறம் உனக்கு ஏது சுதந்திரம்?' என்றார். கைதட்டலும் விழுந்தது. ஆனால் அண்ணா, பெட்டியில் மஞ்சள் வந்தால் ஒருவர் விலை ஏறும் என்று மூட்டையைக் குடோனில் பூட்டுவார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் விலை விழும் என்று அன்றைக்கே ஈரோட்டுக்கு ஏற்றிவிடுவார். பெட்டி ஒன்றுதானுங்களே!

எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வெயிலில் வரும் நான் பழையசோறுதான் கேட்பேன் என்று தெரிந்து, மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்திருப்பார். அவர் கரைத்ததால் நான் கேட்கவில்லை. நான் கேட்பேன் என்பதால் அவர் கரைத்தார்.

'அமுச்சி ஒருநாள் ஏமாறலாம், ஆண்டவன் ஏமாற மாட்டானே' என்று அந்தப் பக்கம் முணுமுணுப்பது கேட்கிறது. சரி. அவனுக்கு நேற்றே தெரியும், நேற்றை யாராலும் மாற்ற முடியாது, அதனால் இன்றைக்கும் பூட்டுப் போட்டாயிற்று என்பீர்கள். முடிச்சு கெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய 1,500 வருடத்துக்கு முன் இத்தாலியில் போயத்தியஸ் என்ற தத்துவ அறிஞர், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபடி இதை அவிழ்த்துப் பார்த்தார். கடவுளுக்கு நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது, எல்லாமே கண்ணெதிரே இப்போது என்றார். நீங்கள் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன். அதில் தப்பே இல்லை. அதற்காக உங்களை நாற்காலியோடு கட்டிப்போட்டது என் பார்வையா? 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஆக்கம் (Ockham) என்ற தத்துவ அறிஞர் வேறு வழியில் போனார். கடவுளுக்கு நேற்றிருந்த அந்த அறிவே நீ இன்று செய்வதை ஒட்டித்தான் நிற்கிறது, அதை முடிந்துபோன கணக்கில் சேர்க்காதே என்றார். எனக்கு இவரைத்தான் பிடிக்கும். அமுச்சி கட்சி!

அடுத்து, 'அவனன்றி ஓர் அணுவும் அசையாது'. நாங்கள் மறுக்கவே இல்லை. பிரம்ம சூத்திர உரையில் சங்கரர் ஈசுவரனை மழைக்கு ஒப்பிடுகிறார். மழை எல்லாப் பயிருக்கும் பொது. நெல் நெல்லாவது விதையால். நம் கொறங்காட்டில், அந்த மேய்ச்சல் நிலத்தில், ஒரு மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல்லும் முளைக்கிறது, பார்த்தீனியமும் முளைக்கிறது. பார்த்தீனியத்துக்காக மழை மேல் பிராது கொடுப்பீர்களா? 'அந்த விதை முன்வினை ஆச்சே' என்பீர்கள். ஆமாங்க, அந்த வினையைச் செய்தது யார்? பக்கத்து வீட்டுக்காரரா?

நடுவர் ஐயா மணியை எடுத்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அடித்த பிறகு, 'உனக்குத் தெரிந்ததால்தான் அடித்தேன்' என்று மட்டும் என் மேல் சாட்டிவிடாதீங்க ஐயா.