11.20 மணிக்கு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

இப்போது மணி 11.20. இன்னும் நாற்பது நிமிடத்தில் வருடம் மாறிவிடும். பலருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, பரவாயில்லை. இயேசு சொன்ன பத்துக் கன்னிகைகள் உவமையில் மணவாளன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கித்தான் போனார்கள். நடுராத்திரியில் சத்தம் கேட்டு எழுந்தபோதுதான் யாரிடம் விளக்குக்கு எண்ணெய் இருந்தது, யாரிடம் இல்லை என்பது தெரிந்தது. கண் விழித்திருந்தால் போதும் என்று அந்த உவமை எங்கேயும் சொல்லவில்லை.

வருடக் கடைசி இரவில் இப்படி ‘விழிப்பு இரவு’ என்று கூடுகிற வழக்கத்தை 1733இல் தொடங்கியவர்கள் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் இருந்த மொராவிய சபையார் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் என்பார்கள். அதற்கு ஆறு வருடம் முன்னால் அங்கே நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. விசுவாசத்துக்காக வீடுவாசலை விட்டு ஓடிவந்து, சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் அவர்கள். வந்த இடத்தில் என்ன செய்தார்கள்? தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். உபதேசத்தில் தகராறு, அப்புறம் மனஸ்தாபம். பிரபு வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினார். 1727 ஆகஸ்ட் 13 அன்று பக்கத்து ஊர் ஆலயத்தில் திருவிருந்துக்குக் கூடியபோது, முகம் பார்க்காமல் இருந்தவர்கள் அழுது ஒப்புரவானார்கள். அதே மாதம் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கு மணி முறை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்த ஜெபம் ஏறக்குறைய நூறு வருடம் நிற்கவில்லை.

முதலில் ஒப்புரவு, அதற்குப் பிறகுதான் ஜெபம். விழிப்பு இரவு வந்தது அதற்கும் பிறகு. இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இந்த இரவுகளை மாதம் ஒருமுறை நடத்தினார். கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்கள், முன்பு சாராயக்கடையில் கழித்த இரவுகளை ஜெபத்தில் கழிக்கத் தொடங்கியதைப் பார்த்துத்தான் அவர் இதைக் கைக்கொண்டார். பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வைத்தாராம், தூரத்திலிருந்து வருகிறவர்கள் நிலா வெளிச்சத்தில் வீடு போய்ச் சேரட்டும் என்று. எவ்வளவு கரிசனை!

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வருடம் இதே இரவில் 12 அடித்ததும் எல்லோருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னேன். நாலாவது வரிசையில் என் அண்ணன் நின்றிருந்தார். ஒரு சொத்து விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடம். அவர் கை பாதி நீண்டது. நான் பார்க்காததுபோல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். பிறகு, புதுவருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை எடுத்தேன். சமாதானத்தைப் பற்றிய வசனம். வீட்டுக்குப் போய் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரும் தூங்கியிருக்கவில்லை.

என் சகோதரனுக்கு என்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னார் இயேசு. ஆராதனை முடிந்த பிறகு போ என்று அவர் சொல்லவில்லை.

மணி 11.35 ஆகிறது. 12 மணிவரை பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, அமைதி ஜெபம் மட்டும்தான். இந்த ஆலயத்துக்குள்ளேயே நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியவர் இருந்தால், தயவுசெய்து எழுந்து போங்கள். வெளியே போய்ப் போனில் கூப்பிட வேண்டுமானால், கதவு திறந்தே இருக்கும்.